பூசையில் வைத்த கம்பியூட்டர்

நான் அன்றைக்கு எதையும் பழுதாக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா இன்றுவரை நம்பவில்லை. கம்பியூட்டர் தானாகவே பழுதானது. எனக்குத் திருத்தத் தெரியும், நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நவராத்திரி. கண்டியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு மேலே ஏறும் ஒழுங்கையில் எங்கள் வாடகை வீடு. அப்பா வரதராசா ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். அம்மா இராசமணி ஓய்வே பெறாதவர். நான் மங்களேஸ்வரி, ஒரே பிள்ளை, வயது முப்பத்தொன்று. வயதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அம்மாதான் இருபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சாதகத்தில் பிறந்த வருஷத்தையும் எழுதி வைக்கிறார்களே என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

விஜயதசமி அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று பின்னேரம் ஐந்தரைக்கு, அதாவது ரொறன்ரோவில் காலை எட்டு மணிக்கு, விவேகானந்தன் என்கிற மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் ஸ்கைப்பில் என்னைப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்துப் பிடித்துவிட்டால் கார்த்திகையில் அவர் கொழும்புக்கு வந்து கலியாண எழுத்தை முடிப்பார், அடுத்த கோடைக்கு முன்னர் நான் கனடாவில். அவர்களுக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் வீட்டில் எல்லாருடைய கவலையும். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்கிற கேள்வி அந்த விண்ணப்பத்திலேயே இல்லை.

எனக்குக் கலியாணம் வேண்டாம் என்றில்லை. இந்த விவேகானந்தன் வேண்டாம். இரண்டு தடவை தொலைபேசியில் பேசியிருந்தார். முதல் தடவை நாற்பது நிமிடம், பனிக்காலத்துக்குக் காருக்கு மாற்ற வேண்டிய ரயர்களைப் பற்றி. இரண்டாம் தடவை என் உயரத்தைக் கேட்டார். சொன்னேன். "அது செருப்போடயோ, செருப்பில்லாமலோ?" என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மனுஷன் ஒரு சொல் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பேராதனைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நாற்பத்திரண்டு கம்பியூட்டர்கள். அவற்றின் வயர், அவற்றின் வருத்தம், அவற்றின் மரணம் எல்லாம் என் பொறுப்பு. வீட்டிலும் இதை யாரும் முழுதாக நம்பவில்லை. "எங்கட பிள்ளை டைப்பிங் படிப்பிக்குது" என்றுதான் அப்பா ஊருக்குச் சொல்வார்.

வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை மூடி ஒரு வருஷம் கடந்திருந்தது. வீட்டில் உள்ளவர்களின் பெயரைப் பொலிசில் பதிந்து, அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தோம். எங்கள் ஒழுங்கையின் கீழ்வீட்டுப் பொடியனை யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஏழு நாளைக்குப் பிறகு விட்டார்கள். அன்றிலிருந்து நான் பஸ்ஸால் இறங்கும்வரை அப்பா சந்தியில் வந்து நிற்பார், மழை இல்லாவிட்டாலும் குடையோடு. அப்படி நிற்கிற மனிதரிடம் போய் ரயர் கதையைச் சொல்லி, மாப்பிள்ளை வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது.

அந்தக் கம்பியூட்டர் உண்மையில் அப்பாவின் சொத்து. அதில் அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கடுகண்ணாவையிலிருந்து பதுளை வரைக்கும் தான் வேலை செய்த ஸ்டேசன்களைப் பற்றி, இரண்டு வருஷமாக, வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும், நூற்றுப் பதினான்கு பக்கம். அதனால் ஆயுதபூசைக்கு அதையும் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை அம்மாவின் தையல் மெசினுக்கும் பாக்குவெட்டிக்கும் பக்கத்தில் கம்பியூட்டருக்கும் மாலை விழுந்தது. மொனிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குச் சந்தனம், மவுசுக்கு இரண்டு தரம், பெட்டிக்கு முன்னும் பின்னும். திரையில் சரஸ்வதி படத்தைப் போட்டுவிட்டு, "இனி விஜயதசமிப் பூசை முடியுமட்டும் ஒருத்தரும் இதைத் தொடப்படாது. நிப்பாட்டவும் படாது. அம்பாள் வெளிச்சத்தில இருக்கட்டும்" என்றார்.

ஒரு கம்பியூட்டரை இரவு முழுக்க விழித்திருக்கச் சொன்னால் அது சும்மா விழித்திருக்குமா. வெள்ளிக்கிழமையே இறக்கி வைத்திருந்த அப்டேட்டை விடியப்புறம் மூன்று மணிக்கு எடுத்து, தனக்குத்தானே போட்டுக்கொண்டு, தானாக அணைந்து தானாக எழும்பியிருக்கிறது. வீட்டில் கத்தரிக்கோல்கூட ஓய்வில் இருந்த இரவில் அது ஒன்றுதான் வேலை செய்திருக்கிறது.

ஞாயிறு காலை தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் காட்டி, அப்பா பயபக்தியோடு அமர்ந்து ஒற்றை விரலால் ஒரு 'உ' அடித்தார். பிறகு பின்னேரத்துக்கு எல்லாம் சரியா என்று பார்க்க ஸ்கைப்பைத் திறந்தார். அது திறக்கவில்லை. திரையின் கீழ் மூலையில் சின்னக் கம்பியூட்டர் படத்துக்கு மேல், பிழையான கணக்குக்குப் போடுவதுபோல் ஒரு சிவப்புப் புள்ளடி விழுந்திருந்தது.

"இராசமணி, லைன் இல்லை. விடியப்புறம் மூண்டு மணிக்கு இது தன்ர பாட்டில ஏதோ வேலை செய்ததெண்டு எழுதிக் கிடக்கு" என்றார் அப்பா.

அம்மா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "பூசையில வைச்ச சாமான் வேலை செய்தா இப்பிடித்தான் வரும்" என்றார்.

நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். முகம் முழுக்கப் பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துப் பூசி, வாயை அசைத்தால் வெடித்துவிடும் என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உனக்கு இதில ஏதும் விளங்குதோ?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. கம்பியூட்டருக்கும் வயருக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்துகிற ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அதற்கு டிரைவர் என்று பெயர். அப்டேட் பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறது. புதியதுக்கும் எங்கள் பழைய பெட்டிக்கும் ஒத்துவரவில்லை. அந்த வருஷத்தில் பேச்சுவார்த்தை முறிவது ஒன்றும் புதினமில்லை. பழையதைத் திரும்பக் கூப்பிட்டால் சரி, ஐந்து நிமிட வேலை. எங்கள் நிலையத்தில் அந்த வாரத்தில் மட்டும் ஆறு பெட்டிகளுக்குச் செய்திருந்தேன்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளடியைப் பார்த்தேன். பிறகு உதட்டை அசைக்காமல், மா வெடிக்காமல், சொன்னேன். "எனக்கு உதெல்லாம் தெரியாது அப்பா. எங்கட இடத்தில அதுக்கு வேற ஆள் இருக்கு."

அந்த வேறு ஆள் நான்தான். ஆனாலும் பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது, முகத்தில் அவ்வளவு மாவோடு நான் யாரோ ஒருத்தி மாதிரித்தான் இருந்தேன்.

அதன் பிறகு அப்பா திருத்தத் தொடங்கினார். முதலில் அணைத்துப் போட்டார். பிறகு அணைத்து, பத்து வரை எண்ணிவிட்டுப் போட்டார். பிறகு அணைத்து, மாலையைக் கழற்றிவிட்டுப் போட்டார். இணையக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். இருபது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை வந்து, "ஐயா, ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"வயர் எங்கயோ கடிபட்டுக் கிடக்கு" என்று அப்பா முடிவெடுத்தார். முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தைப் பார்த்த மனிதர். ஹோலில் இருந்து அறை வரைக்கும் சுவரோரமாகப் போகிற வயரை முழங்காலில் தவழ்ந்து அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தார். வழியில் நின்ற அலுமாரியை அம்மாவும் அவருமாக நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் ஆறு வருஷத்துக்கு முந்திய லைட் பில் ஒன்றும், எனது இரண்டாவது பெண்பார்ப்பில் தொலைந்த தோடு ஒன்றும் அகப்பட்டன. தோட்டைக் கண்டதும் அம்மா அதை நல்ல சகுனம் என்றார். அந்தப் பெண்பார்ப்பு சரிவரவில்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"ரவுனுக்குள்ள இன்டர்நெற் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவமோ?" என்று அம்மா கேட்டார்.

"அங்க வாசலில அடையாள அட்டை நம்பர் எழுதிப்போட்டு, புறாக்கூட்டுக்குள்ள இருத்துவாங்கள். பெண் பார்க்கிற இடமோ அது" என்றார் அப்பா.

நான் உள்ளுக்குள் அனுபவித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அவ்வளவு சந்தோஷமாக ஒரு விஜயதசமி எனக்கு வாய்த்ததில்லை. வயதான மனிதர் தரையில் தவழ்வதைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் கூட. ஐந்தரை தாண்டினால் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், ஞாயிறு என்றாலும் அவருக்கு வேலையாம். அதற்குப் பிறகு அட்டமி, நவமி, மரணயோகம் என்று அம்மாவே இரண்டு கிழமையை வெட்டிவிடுவார். இரண்டு கிழமையில் ரொறன்ரோவில் வேறு பெண் கிடைக்காமலா போகும்.

ஒன்றரை மணிக்கு ஜவாஹிர் வந்தார். கெலிஓயாவில் போன், கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவர், நாற்பது வயது, தங்கமான மனுஷன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அப்பாவுக்காக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கையில் மனைவி கொடுத்துவிட்ட ஒரு பாத்திரம். "றமீலா வட்டிலப்பம் குடுத்தனுப்பின, அன்ட்டி. தங்கச்சிட காரியத்துக்கு இனிப்பா ஈக்கட்டும்" என்று அம்மாவிடம் நீட்டினார். எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அன்றைக்கு அந்தப் பாத்திரம்தான்.

அவர் திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "அங்கிள், இது வைரஸ்."

"வைரஸோ? பூசையில வைச்சதுக்கோ?"

"வைரஸுக்குப் பூசை கீசையெல்லாம் தெரியாதே அங்கிள்."

அவர் தன் பாட்டில் வேலை செய்தார். வயரின் இந்த நுனியை வெட்டிப் புது மூக்கு வைத்தார். அந்த நுனியை வெட்டிப் புது மூக்கு வைத்தார். பிறகு வயரையே மாற்றினார். இலக்கங்களை அழித்து வேறு இலக்கங்கள் எழுதினார். டிரைவர் இருக்கிற பக்கத்தை இரண்டு முறை திறந்தார். அதில் நெற்வேர்க் கார்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி எரிந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு முறையும் அதைத் தாண்டிப் போய்விட்டார். அல்லாஹ்வுக்கும் பிள்ளையாருக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

மூன்று மணிக்கு ஹந்தானை மலைப் பக்கம் இருட்டி இடி தொடங்கியது. இடி என்றால் கண்டியில் எல்லா வயரையும் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இருந்தோம். நான் முகம் கழுவி, அரக்கு நிறச் சாறி உடுத்து, தலைக்குப் பூவும் வைத்து, கண்காட்சிக்கு வைத்த சாமான் போல் அதே கதிரையில் வந்து அமர்ந்தேன். நாலு மணிக்கு இடி ஓய்ந்தது. ஜவாஹிர் வயர்களைச் சொருகிவிட்டுப் பார்த்தார். சிவப்புப் புள்ளடி அப்படியே இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டுத் தன் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். "இனி ஒரே வழிதான் ஈக்கி அங்கிள். போர்மட் அடிக்கணும். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தணும். ஒண்டேகால் மணித்தியாலம். அஞ்சரைக்கு முன்ன ரெடி."

ஒன்றேகால் மணித்தியாலத்தில் அந்தக் கிழட்டுப் பெட்டியில் பாதிகூட ஏறாது. மூன்று மணித்தியாலம் எடுக்கும். எனக்குத் தெரியும். அவர் அந்தச் சீடியைப் போட்ட உடனேயே எனக்குக் கனடா இல்லை. நான் பூவைச் சரிசெய்துகொண்டு கால்மேல் கால் போட்டேன்.

"உள்ளுக்க கிடக்கிறதெல்லாம்?" என்று அப்பா கேட்டார்.

"அழிஞ்சி போகும் அங்கிள். வேற சீடில எடுத்து வைக்கலாம், ஆனா இந்தப் பெட்டில சீடி எழுதுறது வேல செய்யுதில்ல. கடைக்குப் போய் வேற டிஸ்க் கொணரலாம். அப்ப நேரம் காணாது."

அப்பா திரையைப் பார்த்தார். அவருடைய புத்தகத்தின் சின்னம் ஓர் ஓரத்தில் இருந்தது. அதற்கு 'ரயில்' என்று பெயர் வைத்திருந்தார்.

"அடியும் தம்பி" என்றார்.

"என்னப்பா, உங்கட புத்தகம்?" அம்மாவே திகைத்துப் போனார்.

"புத்தகம் திரும்ப எழுதலாம்." அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. தன் ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னொரு எண்பத்திமூண்டு வந்தா நான் பிள்ளையை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? அண்டைக்கு ஏழு வயசு. அரிசி மூட்டைக்குப் பின்னால வைச்சு வாயைப் பொத்தினன். இப்ப பொத்தேலுமோ?"

எனக்கு அந்த அரிசி மூட்டைகள் ஞாபகம் இருக்கின்றன. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம், பக்கத்து வீட்டு முதலாளியின் களஞ்சியம், மூன்று நாள், வெளியே கண்ணாடி உடையும் சத்தம். அப்பாவின் கை என் வாயில் இருந்தது. இரண்டாம் நாள் நான் அந்தக் கையைக் கடித்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். நூற்றுப் பதினான்கு பக்கம். ஒற்றை விரல். இதையெல்லாம் என்னை நாடு கடத்துவதற்காக ஒரு மனிதர் அழிக்கலாம் என்றால், நான் அந்தச் சின்னப் பொய்யை எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருப்பது. என் கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, ஜவாஹிரைத் தாராளமாக அடிக்கச் சொல்லியிருக்கலாம். புத்தகமும் தப்பியிருக்கும், நானும் தப்பியிருப்பேன். இந்த அருமையான புத்தி எனக்கு மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் வந்தது.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை. எழும்புங்கோ" என்றேன்.

ஜவாஹிர் எழும்பினார். நான் சாறித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அமர்ந்தேன். மஞ்சள் குறியைத் திறந்து, பழைய டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டு, இனிமேல் தானாக அப்டேட் எடுக்கக் கூடாது என்ற கட்டளையையும் போட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள் குறி போய்விட்டது.

"தங்கச்சி, நீங்க இந்த வேலயா செய்றீங்க?" என்று ஜவாஹிர் கேட்டார்.

"ஓம் அண்ணை. எட்டு வருஷமா."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காலையில் பூசிய பயத்தம் மா திரும்பவும் காய்ந்திருக்கும். அதைவிட மோசமானது திரையில் இருந்தது. மஞ்சள் குறி போயும் சிவப்புப் புள்ளடி போகவில்லை.

எனக்கு மானம் போய்விட்டது. காலையிலிருந்து ஐந்து நிமிட வேலை, ஐந்து நிமிட வேலை என்று மனதுக்குள் பெருமை அடித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது உண்மையாகவே என்னவென்று தெரியவில்லை. டோர்ச்சை வாங்கிக்கொண்டு, அரக்குச் சாறியோடு மேசைக்குக் கீழே போனேன். பெட்டியின் பின்பக்கம் வயரைப் பிடுங்கி, அந்தத் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்தேன். உள்ளே செப்புக் கம்பிகள் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு சுவர் இருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

"ஆர் இதுக்குள்ள சந்தனம் வைச்சது?" என்று மேசைக்குக் கீழிருந்து கேட்டேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "எல்லா இடத்துக்கும் வைச்சுக்கொண்டு வந்தன். வயரை இழுத்துப் பாத்தா அந்த ஓட்டை மட்டும் விடுபட்டுக் கிடந்தது. குறையா விடப்படாதெண்டு..."

"மூணு தரம் இந்த ஓட்டைக்குள்ள வயர் சொருகினனே, என் கண்ணுக்குப் படல்லயே" என்று ஜவாஹிர் தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அம்மாவின் தையல் ஊசியாலும், அப்பா முகத்துக்குப் பூசுகிற ஓடிக்கொலோனாலும் நானும் அவருமாகச் சரஸ்வதியின் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தோம். ஐந்து மணி இருபதுக்கு வயரைச் சொருகினேன். சிவப்புப் புள்ளடி மறைந்தது.

ஜவாஹிருக்கு அம்மா ஹோலில் தேநீரும் அவருடைய வட்டிலப்பத்திலேயே ஒரு துண்டும் கொடுத்தார். அறையில் அப்பாவும் நானும் மட்டும்.

"காலமையே தெரியுமோ?" என்றார்.

"ஓம்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்கேல்லை அப்பா. எனக்குப் போக விருப்பமில்லை. எனக்கு என்ர வேலை விருப்பம்."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வசனத்தை மூன்று மாதமாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்கைப் அடித்தது. அவர் மேல்சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, ஸ்டேசனுக்கு மினிஸ்டர் வரும்போது இருப்பதுபோல் நிமிர்ந்துகொண்டார். அம்மா ஓடிவந்து பின்னால் நின்றார்.

திரையில் விவேகானந்தன் கழுத்துப்பட்டியோடு வந்தார். பக்கத்தில் தாயார், குளிர்ச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக.

"பிள்ளை ஒருக்கா எழும்பி நிக்கட்டும்" என்றார் தாயார். "உயரத்தைப் பாப்பம்."

எழும்பினேன். கமராவுக்கு என் இடுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"கொஞ்சம் பின்னால போகட்டும். ஓம். ஒருக்காத் திரும்பட்டும்." அம்மா என் முதுகில் விரலால் குத்தினார். திரும்பினேன். சுவரில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நடந்து காட்டட்டும். காலில ஒரு குறையும் இல்லைத்தானே? படத்தில தெரியாது பாருங்கோ, அதுதான் கேக்கிறன்."

அலுமாரி வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன். காது சுட்டது. அப்பா முன்னால் சரிந்தார்.

"அக்கா, பிள்ளை கம்பியூட்டர் வேலையில வலு கெட்டிக்காரி" என்றார். அவர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "காலமை தொடக்கம் இந்த லைன் இல்லை. நாங்கள் எல்லாரும் ஏலாமல் விட்டதை இவதான் திருத்தினவ. எட்டு வருஷமா இதுதான் செய்யிறா, நாப்பது கம்பியூட்டரைத் தனிய..."

"நாப்பத்திரண்டு" என்றேன்.

விவேகானந்தன் சிரித்தார். "அங்கிள், உதுக்கெல்லாம் இஞ்ச வேற ஆக்கள் இருக்கினம். இவ வந்து வீட்டில அம்மாவோட நிண்டாக் காணும்."

"ஓம்" என்றார் தாயார். "எனக்கு முழங்கால் ஏலாது. தூக்கி இருத்த, குளிப்பாட்ட ஒரு ஆள் வேணும். இஞ்ச ஆள் பிடிக்கிறது கஷ்டம். அதுதான் ஊரில இருந்து... பிள்ளை இன்னொருக்கா நடக்கட்டும், இடது கால் கொஞ்சம்..."

அப்பா கதிரையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். கீழே குனிந்தார். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஒரு கையை மேசையில் ஊன்றி, ஒரு முழங்காலை வைத்து, மற்ற முழங்காலையும் வைத்து, மேசைக்குக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்த அம்மாவின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மூலையில் சிவப்புப் புள்ளடி வந்தது.

"ஐயோ, பழையபடி போயிட்டுது" என்றார் அம்மா.

ஜவாஹிர் கரண்டியோடு ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். "அங்கிள், வயர் கழண்டீக்கி. உங்கட கையிலதான் ஈக்கி. கொண்டாங்க, நான் சொருகுறேன்."

"இருக்கட்டும் தம்பி."

"இல்ல அங்கிள், ஒரு நிமிசம்."

"இருக்கட்டும்" என்றார் அப்பா. அவர் வெளியே வரவில்லை. மேசைக்குக் கீழே காலை மடித்துச் சப்பாணி கட்டி அமர்ந்திருந்தார், வேட்டியெல்லாம் சந்தனத் தூள். நானும் சாறியோடு தரையில் அமர்ந்தேன்.

"எண்பத்திமூண்டு திரும்ப வந்தா?" என்று கேட்டேன்.

அவர் வயரின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்தா மூண்டு பேரும் ஒளிப்பம்" என்றார். "நடந்து காட்டட்டுமாம். அவையள் என்ன, மாடோ வாங்கினம்."

அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார். அழுகிறாரா என்று பார்த்தேன். அவரும் அந்த இடது காலைப் பற்றித்தான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நல்ல வார்த்தைகள் அல்ல.

ஹோலில் தொலைபேசி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. ஐந்தாவது தரம் மணி அடித்தபோது அப்பா மேசைக்குக் கீழிருந்து தவழ்ந்து வந்து, வயரைக் கையில் வைத்தபடியே போய் எடுத்தார்.

"ஹலோ... ஓம் தம்பி. ஓம், லைன் போயிட்டுது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "திருத்திறதோ? திருத்தத் தெரிஞ்ச ஆள் வீட்டிலதான் தம்பி இருக்கிறா. அவவுக்கு நேரமில்லை."